தண்ணீர் தெளிவாக இருக்கிறது; மீனை விடலாமா?

கொல்லையில் குளம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டுவிட்ட அன்று அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். இனிப் பல மாதங்களுக்கு அந்தக் குளம் அவ்வளவு தெளிவாக இருக்கப் போவதில்லை. மீனுக்கு மிகவும் ஆபத்தான நாட்களும் ஏறக்குறைய இந்தத் தெளிவான நாட்கள்தான். புதுக் குளத்தில் நடக்கும் தவறுகளில் பாதி, கண்ணை நம்புவதால் வருபவை.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். சனிக்கிழமை நிரப்பினேன், ஞாயிற்றுக்கிழமை எட்டுத் தங்கமீன்களை விட்டேன். நான்கு நாட்கள் துள்ளித் திரிந்தன. ஐந்தாம் நாள் பார்த்தால், எட்டும் பம்பின் தண்ணீர் விழும் இடத்தில் ஒன்றுகூடி, வாயை மேலே தூக்கித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்து ஒரு பிடி தீவனம் போட்டேன். அந்த நேரத்தில் அதைவிடக் கெடுதலான காரியத்தைச் செய்திருக்க முடியாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் குழாயிலிருந்து தொடங்குவோம்.

'ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும்' என்பது பாதி உண்மை. வெறும் குளோரின் கலந்த தண்ணீராக இருந்தால், வெயிலும் அலைவும் இருக்கும் இடத்தில் ஓரிரு நாட்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆனால் பல ஊர்களில் குடிநீரில் குளோரமின் சேர்க்கிறார்கள். அது குளோரினும் அமோனியாவும் கைகோத்த பொருள், எளிதில் வெளியேறாது. குளோரின் நீக்கி மருந்து அந்தப் பிணைப்பை உடைத்துக் குளோரினைச் செயலிழக்கச் செய்யும், அமோனியா தண்ணீரிலேயே தங்கிவிடும். ஆகவே குளோரமினையும் அமோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் என்று சீட்டில் எழுதியிருக்கும் மருந்தை வாங்குங்கள். குளோரின் சோதனை செய்பவர்கள் 'மொத்தக் குளோரின்' அளவைப் பார்க்க வேண்டும். குளோரமின் இருக்கும் தண்ணீரில்கூடத் தனிக் குளோரின் பூஜ்யம் என்று காட்டக்கூடும்.

கிணற்று நீரில் குளோரின் இல்லை என்பதால் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருப்பது வழக்கம். சில இடங்களில் இரும்பும் கலந்திருக்கும், காற்றுப் பட்டதும் பழுப்பேறும். ஒரு நாளாவது நன்றாகக் காற்றூட்டிவிட்டு, அதன் பிறகு பி.எச். பாருங்கள் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண் அது; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்). கரியமில வாயு வெளியேற வெளியேற அந்த எண் ஏறும் என்பதால், நிரப்பிய கையோடு எடுத்த அளவுக்கு மதிப்பே இல்லை.

அடுத்தது கணக்கு. மருந்தோ உப்போ எதைப் போடுவதென்றாலும் குளத்தில் எத்தனை லிட்டர் என்று தெரிந்தாக வேண்டும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.8 மீட்டர் ஆழம். பெருக்கினால் 4,800 லிட்டர். காகிதத்தில் சரி. கரை சரிந்து, நடுவே மேடை கட்டி, மூலையை வளைத்த குளத்தில் உண்மையில் 3,600 லிட்டர்தான் இருக்கலாம். அப்படியானால் போடும் மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகும். 20 லிட்டர் வாளி ஒன்றைக் குழாயடியில் வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 50 விநாடி என்றால் நிமிடத்துக்கு 24 லிட்டர். குழாயை அப்படியே திறந்து வைத்துக் குளம் நிறைய இரண்டரை மணி நேரம் ஆனால் 3,600 லிட்டர். முதல் முறை நிரப்பும்போது இதைச் செய்யாவிட்டால், காலமெல்லாம் ஊகம்தான்.

சிமென்ட் குளம் கட்டியவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும். பி.எச். 11 வரைகூட ஏறுவதுண்டு, அதில் எந்த மீனும் பிழைக்காது. நிரப்பி, சில நாட்கள் ஊறவிட்டு, முழுவதும் வடித்து, மறுபடி நிரப்பி, மறுபடி வடித்து என்று பொறுமையாகக் கழுவுவது பழைய முறை. நீர்த்த வினிகரால் சுவரைத் தேய்த்துக் கழுவினால் சீக்கிரம் அடங்கும். மீனுக்குத் தீங்கில்லாத பூச்சு அடித்துச் சுவரையே மூடிவிடுவது இன்னும் உறுதியான வழி. எத்தனை முறை வடித்தோம் என்பது கணக்கில்லை. கடைசியாக நிரப்பிய தண்ணீர் ஒரு வாரம் நின்ற பிறகும் பி.எச். 8.5-க்கு மேல் ஏறாமல் இருக்கிறதா என்பதே கணக்கு. சிலர் அவசரப்பட்டு அமிலத்தை ஊற்றி எண்ணை இறக்குகிறார்கள். மாலையில் 7.5 காட்டும், சுவர் சுண்ணாம்பைத் தந்துகொண்டே இருப்பதால் இரண்டு நாளில் மீண்டும் 9-ஐத் தாண்டிவிடும். அந்த ஏற்ற இறக்கமே மீனைக் கொன்றுவிடும். தார்ப்பாய் விரித்த குளத்தில் இந்தத் தொல்லை இல்லை. விரிப்பு மீன் குளத்துக்கென்றே செய்யப்பட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

இனி என் எட்டு மீன்களிடம் வருவோம். மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனமும் அழுகி அமோனியாவாகிறது. பழகிய குளத்தில் ஒரு கூட்டம் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். செடிகளும் பாசியும் அதை உறிஞ்சிக்கொள்ளும். புதுக் குளத்தில் இந்த இரண்டு கூட்டமும் பெயருக்குத்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரிலேயே அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர் காலத்தில் இன்னும் நீளும்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. வடிகட்டியின் நுரைப்பஞ்சிலும் கல்லிலும் சுவரிலும் ஒட்டி வாழ்கின்றன. நண்பர் வீட்டுப் பழைய குளத்திலிருந்து நான்கு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லாததற்கு இதுவே காரணம். அதே நண்பரிடம் அவருடைய வடிகட்டியிலிருந்து அழுக்கேறிய பஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் நேரம் மிச்சமாகும். அவர் மீன்கள் நோயின்றி இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பஞ்சு கிடைக்காதவர்கள் மீனை விடாமலேயே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடலாம். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிடலாம். அளந்து செய்ய விரும்புகிறவர்கள், நறுமணமும் சோப்பும் கலக்காத அமோனியாக் கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி சேர்ப்பார்கள். குலுக்கினால் நிற்கும் நுரை வந்தால் அந்தக் கரைசலைக் குளத்தருகே கொண்டுபோகாதீர்கள். பிறகு வேலை சோதனைக் குழாயோடுதான். பரவலாகக் கிடைக்கும் சொட்டு மருந்துப் பெட்டியில் அமோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாக நிற்கும், இருந்தால் பச்சையேறும். குழாயை வெள்ளைக் காகிதத்துக்கு முன் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாக் குழாயும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாள் பச்சை மறைந்து மஞ்சள் திரும்பும். பலர் அன்றைக்கே மீன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது, இரண்டாவது கூட்டம் இன்னும் வளரவில்லை, எனவே நைட்ரைட் உச்சத்தில் இருப்பது அந்த நாட்களில்தான். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். ரத்தமே பழுப்பு நிறமாகும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். சேர்த்த அமோனியா 24 மணி நேரத்துக்குள் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அதுவும் ஒரு நாள் காட்டினால் போதாது, தொடர்ந்து சில நாட்கள்.

அமோனியாவைப் பற்றி இன்னொன்று. சோதனையில் ஒரே எண் காட்டினாலும் அதன் நஞ்சு ஒரே அளவு இல்லை. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8-ல் அது சுமார் 5 சதவீதம், 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாசி பிடித்த குளத்தில் பகலெல்லாம் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். நன்றாக ஏறும். காலையில் மட்டும் சோதிப்பவர் இதைப் பார்ப்பதே இல்லை. காலையில் ஒரு முறை, பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு முறை பாருங்கள்.

நான் போட்ட அந்த ஒரு பிடி தீவனம், ஏற்கெனவே தேங்கியிருந்த அமோனியாவைக் கூட்டியது. அழுகும்போது மிச்சமிருந்த ஆக்சிஜனையும் தின்றது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் தீவனத்தை அடியோடு நிறுத்துங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கை மாற்றுங்கள், காற்றூட்டியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். காரணம் நைட்ரைட் என்று சோதனை சொன்னால், லிட்டருக்கு 1 கிராம் சாதாரண உப்பு நைட்ரைட் செவுளில் ஏறுவதைத் தடுக்கும்; சில நீர்ச்செடிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. என் எட்டில் ஐந்து பிழைத்தன.

கைவைத்துக் கெடுப்பது

காத்திருக்கும் வாரங்களில் சும்மா இருக்க முடியாமல் செய்யும் தவறுகள் தனி ரகம். இரவில் சத்தமாக இருக்கிறது, மின்சாரம் வீண் என்று பம்பை நிறுத்துவார்கள். வடிகட்டியில் உள்ள பாக்டீரியா ஓடும் தண்ணீரின் ஆக்சிஜனில் வாழ்கிறது; சில மணி நேரம் தேங்கினாலே மடியத் தொடங்கும். இரவில் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியும் முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அப்போது பம்பு ஓடியே ஆக வேண்டும். பஞ்சைப் பளிச்சென்று குழாயடியில் பிழிந்து கழுவுவதும் இதே ரகம். குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் லேசாக அலசினால் போதும்.

இரண்டாவது வாரத்தில் தண்ணீர் பட்டாணிச் சாறு போலப் பச்சையாகும். பயந்துபோய் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால், பாசிக்கு மறுபடி முதலிலிருந்து விருந்து. மூன்றாம் வாரம் மறுபடி பச்சை. பாசிக்கொல்லி போட்டால் செத்த பாசி அழுகி ஆக்சிஜனை விழுங்கும். அல்லி மாதிரி இலை பரப்பும் செடிகள் மேற்பரப்பில் பாதிக்கு மேல் நிழல் தரட்டும், மற்றபடி விட்டுவிடுங்கள். எனக்கு இந்தப் பச்சைத் தண்ணீர்மேல் வெறுப்பு கிடையாது. அமோனியாவையும் நைட்ரேட்டையும் இலவசமாகத் தின்கிறது.

மீன் இல்லாத குளத்தில் கொசு முட்டையிடும் என்ற கவலை நியாயமானது. தண்ணீர் அலைந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் அண்டாது. அப்படியும் புழு தெரிந்தால், கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியா மருந்து இருக்கிறது, மீனுக்குத் தீங்கில்லை. பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ வேண்டாம்.

தாது உப்புகள் குறைந்த மென்மையான தண்ணீர் உள்ளவர்களுக்கும் மழைநீரை மட்டும் நிரப்பியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அமோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா தண்ணீரின் கார்பனேட்டைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அது தீர்ந்தால் பி.எச். ஓரிரு நாளில் சரிந்துவிடும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். கார்பனேட் கடினத்தன்மையை வாரம் ஒரு முறை பார்த்து, குறைந்தால் சமையல் சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

எல்லாம் சரியாகி மீன் வரும் நாளில், பையைக் கட்டியபடியே நிழலான பக்கம் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றுங்கள். மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள். முதல் தவணைக்கு இரண்டு மூன்று மீன் போதும். அவை ஓரிரு நாள் அல்லி இலைக்கடியில் ஒளிந்துகொண்டு தலைகாட்டாமல் இருக்கும், குச்சியை விட்டுத் துழாவாதீர்கள். அடுத்த தவணையை இரண்டு மூன்று வாரம் கழித்து, சோதனைக் குழாய் இன்னும் மஞ்சளாகவே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.