மத்தியானம் மட்டும் நின்றுபோன ஏசி

திருப்பூரில் எங்கள் பனியன் ஷோரூமில் எட்டரை டன் டக்டபிள் ஏசி, அதாவது குழாய் வழியாகக் குளிர்காற்று அனுப்பும் வகை. ஏப்ரல் வந்ததும் தினமும் இரண்டு மணிக்கு மேல் ஹெச்பி ட்ரிப் (கேஸ் அழுத்தம் அளவு மீறினால் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பு) காட்டி நின்றுவிடும். ரீசெட் செய்தால் அரை மணி நேரம் ஓடும், அவ்வளவுதான்.

வந்த மெக்கானிக், கேஸ் குறைந்திருக்கிறது என்றார். எனக்கு இடித்தது. கேஸ் குறைந்தால் அழுத்தம் இறங்கத்தானே வேண்டும்? அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டச் சொன்னேன். ஆர்-410ஏ கேஸ், கம்ப்ரஸரிலிருந்து அது வெளியேறும் டிஸ்சார்ஜ் பக்கம் அழுத்தம் 600 பிஎஸ்ஐயை நெருங்கிக்கொண்டிருந்தது. இதில் இன்னும் கேஸ் ஏற்றியிருந்தால் கம்ப்ரஸரே போயிருக்கும்.

மாடிக்குப் போய்ப் பார்த்தால் சூட்டை வெளியேற்றும் அவுட்டோர் காயில் முழுக்கப் பஞ்சுத் தூசி, கம்பளி போர்த்தியது போல. அதைவிடப் பெரிய கூத்து, வெயில் படக்கூடாதென்று நான் போட்ட தகரக் கூரை! மேல்நோக்கி ஊதும் ஃபேனுக்கு ஒன்றரை அடி உயரத்தில் அது. வெளியேறிய சூடான காற்று தகரத்தில் முட்டி மறுபடி காயிலுக்கே வந்திருக்கிறது.

மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்துப் பூட்டினோம். ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கலாம். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை பொறுத்து, மீட்டரில் பார்த்த பிறகே மெக்கானிக் மூடியைக் கழற்றினார். மின்பெட்டியை பாலிதீனால் மூடி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸில் கழுவினோம். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின் மடங்கிவிடும்.

தகரத்தையும் கழற்றியாயிற்று. மறுநாள் அதே உச்சி வெயிலில் கேஜ் 430. இப்போது மாதம் ஒரு முறை கழுவுகிறோம்.