மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும்: இரத்த அறிக்கையைப் படிக்கும் முறை

மூக்கின் இரு பக்கமும் சதை வளர்ந்து, மணம் அறியும் திறனை இழந்தவர்களுக்கு மூச்சிரைப்பும் வந்து சேர்வது தற்செயலானதன்று. மூக்கின் உட்சவ்வும் மூச்சுக்குழாயின் உட்சவ்வும் ஒரே தொடர்ச்சியாதலால், இன்டர்லியூகின் 4, 5, 13 ஆகிய அழற்சிப் புரதங்கள் இரண்டு இடங்களிலும் வேலை செய்கின்றன. இவற்றுள் இன்டர்லியூகின் 5 என்பது இயோசினோபில் என்னும் வெள்ளணுக்களைப் பெருக்கி, அவை நெடுநாள் அழியாமல் காக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மெரிபேங்க் பகுதியில் தொழிற்சாலைகளை அடுத்து வாழும் நம்மவர்கள் மூச்சுத் தொல்லை முழுவதையும் காற்றின் மீதே சுமத்திவிடுகிறார்கள். காற்றும் காரணந்தான், ஆனால் மூக்கைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால் பாதி நோய் மறைந்தே இருக்கும்.

இன்டர்லியூகின்களை வழக்கமான ஆய்வகங்களில் அளப்பதில்லை. எனவே, வெள்ளணு வகைகளைப் பிரித்துக் காட்டும் முழு இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அதில் இயோசினோபிலின் விழுக்காட்டைப் பாராமல், நேர் எண்ணிக்கையைப் பாருங்கள். தென்னாப்பிரிக்க அறிக்கைகளில் அது லிட்டருக்கு எத்தனை நூறு கோடி என்ற கணக்கில் இருக்கும், 0.30 என்றிருந்தால் மைக்ரோலிட்டருக்கு 300 அணுக்கள் என்று பொருள். விழுக்காடு மட்டுமே இருந்தால், மொத்த வெள்ளணு எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளலாம்: 8.0 வெள்ளணுக்களில் 5 விழுக்காடு 0.40 ஆகும். ஆஸ்துமா உள்ளவரிடம் 0.15 இருந்தாலே மருத்துவர்கள் இயோசினோபில் அழற்சி இருக்கலாம் என்று கருதுகிறார்கள், 0.30ஐத் தாண்டினால் ஐயம் வலுக்கிறது.

ஆயினும் ஒரே ஓர் அறிக்கையை நம்பி முடிவுக்கு வரவேண்டாம். பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை உட்கொண்டால் இந்த எண் விரைவில் சரிந்துவிடும். டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கடலோரப் பகுதிகளில் காணப்படும் குடற்புழுத் தொற்று அதை உயர்த்திவிடும். ஆகையால் மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய அறிக்கைகளையும், உட்கொண்ட மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். நுரையீரல் ஊதல் பரிசோதனையையும், வெளிவிடும் மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு அளவையும் கேளுங்கள்; பெரியவர்களுக்கு அந்த அளவு நூறு கோடியில் 50 பங்கைத் தாண்டினால் இயோசினோபில் அழற்சி இருக்கக்கூடும். புகைப்பவர்களிடம் அது குறைத்தே காட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்தவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலிநிவாரணிகள் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். டிஸ்பிரினிலும், நம் வீடுகளில் தலைவலிக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் கிராண்ட்பா பொடியிலும் ஆஸ்பிரின் உண்டு. முன்பு இவற்றால் மூக்கடைப்போ இழுப்போ வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

சதை ஒரு பக்கம் மட்டும் இருந்து, இரத்தமும் கசிந்தால், மேற்கூறிய எண்கள் எதற்கும் காத்திராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே காணுங்கள். அது வேறு வகைக் கட்டியாகவும் இருக்கலாம்.