ஜெர்மன் ஷெப்பர்ட்: காவலுக்கு வாங்கிக் கட்டிப் போடுவதில் தொடங்கும் தவறுகள்

ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்க நினைப்பவர்களில் பலரின் மனத்தில் இருப்பது போலீஸ் நாய். ஆனால் இந்த இனம் உருவானது ஆட்டுமந்தைக்காக. மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899-ல் ஒரு மேய்ச்சல் நாயை வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் வைத்து, அதையே இனத்தின் முதல் நாயாகப் பதிவு செய்தார். வேலி இல்லாத வயல்களுக்கு இடையே மந்தை மேயும்போது, ஆடுகள் பயிரில் வாய் வைக்காதபடி வரப்பை ஒட்டி மணிக்கணக்கில் நடைபோடுவதுதான் இந்த நாய்களின் வேலை. எல்லையை விடாமல் கவனிக்கும், விலகி ஓடுவதைத் திருப்பும், குழப்பம் வந்தால் மேய்ப்பனைத் திரும்பிப் பார்க்கும். அந்தக் கடைசிக் குணத்தை மறந்துவிடுவதால்தான் வளர்ப்பில் பாதிச் சிக்கல் வருகிறது. தனியாக விட்டால் தானே முடிவெடுக்கும் நாய் இது. ஆனால் மனிதனோடு சேர்ந்து முடிவெடுக்கப் பழக்கப்பட்ட இனம்.

முதல் தவறு, 'காவல் நாய்தானே' என்று வாசலில் சங்கிலியில் கட்டிப் போடுவது. ஆள் பழக்கம் இல்லாமல் இருந்தால்தான் முரட்டுத்தனம் வரும் என்று ஒரு நம்பிக்கை வேறு. வருவது முரட்டுத்தனம் இல்லை, பயம். பயந்த நாய் திருடனையும் கடிக்கும், உங்கள் அக்கா பையனையும் கடிக்கும். குட்டி பிறந்து ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை பார்க்கிற மனிதர்கள், சத்தங்கள், வண்டிகள் எல்லாம் 'இது சாதாரணம்' என்று அதன் மனத்தில் பதியும். தடுப்பூசி முடியவில்லை என்பதற்காக அந்த நாட்களை வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டால் பிறகு ஈடுகட்டுவது கடினம். தரையில் விட வேண்டாம், சரி. தூக்கிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டலாமே. சாதாரணம் எது என்று தெரிந்த நாய்க்குத்தான் அசாதாரணம் எது என்றும் தெரியும். காவலுக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்தது, கேட்டில் நின்று குரைப்பதைப் பெருமையாகப் பார்ப்பது. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் வேலை முடிந்து போகிறார். நாயின் கணக்கில், தான் குரைத்ததால்தான் அவர் போனார். தினமும் இந்த 'வெற்றி' கிடைத்தால் சில மாதங்களில் குரைப்பு பாய்ச்சலாகிவிடும். ஒரு முறை குரைத்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தால் தீனி கொடுங்கள். தெரு தெரியாதபடி கேட்டை மறைத்துவிடுவது இன்னும் எளிது. தகவல் சொல்வது நாயின் வேலை, மீதி உங்கள் வேலை என்று அதற்குப் புரிய வேண்டும்.

உறுமினால் அடிப்பது இதைவிட மோசம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் கோபமோ பயமோ போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அப்புறம் 'திடீரென்று கடித்துவிட்டது' என்பார்கள்.

ஓடும் குழந்தைகளைத் துரத்திக் குதிகாலைக் கவ்வும் குட்டிகள் உண்டு. அது வெறியல்ல, மந்தையைத் திருப்பும் பழக்கம். அதற்காகச் சிரித்துக்கொண்டு விட்டுவிடவும் கூடாது. ஆண் நாய் வளர்ந்தால் 30 முதல் 40 கிலோ வரும். ஓட்டத்தை உடனே நிறுத்தி, கவ்வ ஒரு பொம்மை கொடுங்கள். சின்னக் குழந்தைகளோடு தனியாக விடவே வேண்டாம்.

'நாய்க்குச் சக்தி அதிகம், ஓட விட்டால் அடங்கிவிடும்' என்பது பாதி உண்மை. மணிக்கணக்கில் பந்து வீசினால் இன்னும் தாக்குப்பிடிக்கும் உடம்பும் இன்னும் அடங்காத பரபரப்பும்தான் சேரும். மூளைக்கு வேலை கொடுங்கள்: தீனியை ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்க விடுவது, பொருளை எடுத்துவரச் சொல்வது, நடையில் திடீரென்று உட்காரச் சொல்வது. வேலை இல்லாத ஷெப்பர்ட் தானே ஒரு வேலையை உருவாக்கிக்கொள்ளும். சோபாவைப் பிரிப்பது, வாலைத் துரத்திச் சுற்றுவது என்று அது உங்களுக்குப் பிடிக்காத வேலையாகத்தான் இருக்கும்.

குட்டிப் பருவத்தில் இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. எலும்பு முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வண்டியோடு ஓட வைப்பது, உயரத்திலிருந்து குதிக்க விடுவது, வழுக்கும் தரையில் விளையாட விடுவது எல்லாம் மூட்டுக்கு ஆகாது. இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் ஏற்கெனவே அதிகம். காது நிற்கவில்லை என்று கால்சியம் மருந்து ஊற்றுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிகளால் அதிகப்படியான கால்சியம் உடலில் சேர்வதைத் தடுக்க முடியாது. எலும்பு வளர்ச்சியே கோணலாகும். பல் முளைக்கும் மாதங்களில் நின்ற காது மீண்டும் மடிவது சகஜம், பதற வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவு கொடுத்தாலே போதும்.

வெயிலுக்காக மொட்டையடிக்காதீர்கள். இரண்டு அடுக்கு ரோமம் வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது; உதிர்கிற அடி ரோமத்தை அடிக்கடி சீவி எடுத்தால் போதும்.

ஒரே வேளையில் வயிறு நிறையப் போட்டு, உடனே ஓட விடுவதும் வேண்டாம். ஆழமான மார்புக்கூடு கொண்ட நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வராமல், படுக்கவும் முடியாமல் நாய் அலைந்தால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.