பெரிய முயல்களின் மூட்டுவலி: கழுவித் தீராத அழுக்கு

எடை கூடினால் மூட்டுக்குக் கேடு என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். ஃபிளெமிஷ் ஜெயண்ட் என்ற பெரிய இன முயல் கொழுக்காமலேயே 6 கிலோவைத் தாண்டும். நம் ஊரில் வளரும் வெள்ளை ஜெயண்ட் முயலும் 4, 5 கிலோ இருக்கும். அந்த உடம்பைச் சுமக்கும் மூட்டுகள் நடுவயதிலேயே தேயத் தொடங்கலாம். அப்போது புதிதாக வளர்ப்பவர்கள் செய்வதைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

பின்புறத்தைக் கழுவிக்கொண்டே இருப்பது

இதுதான் இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு. முயல் இருவகைப் புழுக்கை போடும். ஒன்று காய்ந்த உருண்டை. மற்றது மெத்தென்று, திராட்சைக் கொத்துபோல வரும். சத்து மிகுந்த அந்தக் கொத்தை முயல் குனிந்து, வெளிவரும்போதே வாயில் எடுத்துத் தின்றுவிடும். முதுகும் இடுப்பும் வலிக்கிற முயலால் குனிய முடியாது. தின்னாத புழுக்கை மயிரில் அப்பிக்கொள்ளும். வளர்ப்பவரோ வயிற்றுப்போக்கு என்று நினைத்துக் கீரையை நிறுத்துகிறார். குழாயடியில் வைத்துக் கழுவுகிறார்.

தெரிந்தவர் வீட்டில் மாதக்கணக்கில் இதுதான் நடந்தது. குடற்பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். முயல் நொண்டவில்லையே என்றார்கள். இரண்டு பின்னங்கால்களும் ஒரே அளவு வலித்தால் எந்தக் காலை நொண்டும்? எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முதுகெலும்புக் கணுக்களுக்கிடையே எலும்பு வளர்ந்து இணைந்திருந்தது தெரிந்தது. வலிமருந்து தொடங்கிய சில நாட்களில் முயல் தானாகவே குனிந்தது. அதற்குள் சிறுநீர் பட்டுத் தொடைத்தோல் வெந்து போயிருந்தது. அது ஈரமான பருவமாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அழுக்கு மயிரில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

பருமன், பல்வலி, அதிகத் தீவனம் ஆகியவையும் இந்த அழுக்குக்குக் காரணமாகலாம். ஆனால் மூட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து உலர்த்துங்கள்; முதுகையும் இடுப்பையும் பார்க்கும்படி கால்நடை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

டைல்ஸ் தரை

பின்னங்கால் விரிந்து வழுக்கும். முயல் நடமாடும் இடமெல்லாம் ஜமுக்காளம் விரியுங்கள்.

பண்ணைக் கம்பிவலைக் கூண்டு

வேண்டாம். முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, மயிர் மட்டுமே, புண்ணாகிவிடும்.

எலும்புக்கென்று கால்சியம் டானிக்

தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தை முயல் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும். வலியால் அசையாமல் கிடக்கும் முயலின் மூத்திரப்பையில் அது சேறாகப் படியும். மூட்டுத் தேய்மானம் இதனால் குணமாகாது. மூத்திர வலியும் சேர்ந்துகொள்ளும்.

நாம் போடும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது

கூடவே கூடாது. முயலுக்குத் தரும் வலிமருந்தான மெலாக்சிகாம்கூட, எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் தர வேண்டியது. ஸ்டீராய்டு ஊசி என்றால் தயங்காமல் காரணம் கேளுங்கள். முயலின் எதிர்ப்புச் சக்தியை அது வெகுவாகக் குறைத்துவிடும்.

"நாளைக்குப் பார்க்கலாம்"

வலியில் தின்பதை நிறுத்திய முயலுக்கு அரை நாளிலேயே குடல் இயக்கம் நின்றுவிடலாம். அன்றைக்கே கொண்டு செல்லுங்கள்.