ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறீர்கள், இருப்புக் கொள்ளவில்லை: என்ன செய்யலாம்?

குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்வது) ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மதியம் இரண்டரை மணி. படுத்தபடி மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று. சாப்பிட்டாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, வலியும் பொறுக்கிற அளவுதான். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் படுக்கத் தோன்றுகிறது, படுத்தால் எழத் தோன்றுகிறது. டிவி எரிச்சல், அணைத்தால் அதைவிட எரிச்சல்.

முதல் முறை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் எனக்குச் சொல்லப்பட்டவை. உங்களுடையது முழங்காலோ சிசேரியனோ என்றால், நடைக்கும் எடைக்கும் உங்கள் டாக்டர் சொன்னதே கணக்கு.

1. போர் அடிக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்

முதலில் உடம்பைக் கேளுங்கள். வலி மாத்திரை நேரம் தவறியதா? சிறுநீர் முட்டுகிறதா? மலம் கழித்து எத்தனை நாளாகிறது? டிரமடால் போன்ற வலி மருந்துகள் மலத்தைக் கட்டும். முக்கினால் ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஆகாது, அதனால் மலமிளக்கி வேண்டுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நாளுக்கு நாலு காபி குடித்தவர் சட்டென்று நிறுத்தினாலும் தலைவலியும் சிடுசிடுப்பும் வரும். சிகரெட்டும் அப்படித்தான். தினமும் மது குடித்தவருக்கு, நிறுத்திய ஓரிரு நாளில் கை நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் அது ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வாந்தி நிற்கக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு சிலருக்கு ஒரு விசித்திரமான தவிப்பை உண்டாக்கும். காலை ஆட்டாமல் இருக்க முடியாது, உள்ளே யாரோ துரத்துவது போலிருக்கும். அகதீசியா என்பார்கள். மனதைத் தேற்றிக்கொண்டால் போகிற விஷயமில்லை இது. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போடுங்கள்.

2. எழுந்திருக்கப் பழகுங்கள்

எழுந்தால் வலிக்குமே என்ற பயத்தில் படுத்தே கிடக்கிறோம். கிடக்கக் கிடக்கத் தவிப்பு கூடுகிறது. வயிற்றை எக்கி எழாதீர்கள். இரண்டு முழங்கால்களையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும்படி, மரக்கட்டை உருளுவது போல ஒருக்களித்துக்கொள்ளுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே, கீழே இருக்கும் முழங்கையையும் மேல் பக்கத்து உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றித் தள்ளுங்கள். உடம்பு நிமிர்ந்துவிடும். உடனே நிற்க வேண்டாம். ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றுகிறதா என்று பாருங்கள்.

இருமலோ தும்மலோ வந்தால் ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். வலி குறையும்.

3. கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள்

ஒரே மூச்சில் அரைமணி நேரம் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். எங்கள் ஹாலில் இருந்து அடுக்களைக்குப் பதினெட்டு காலடி. நாள் முழுக்க அதுதான் என் சாலை. நடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயமும் குறையும். லேப்ராஸ்கோபியில் வயிற்றை உப்பவைக்கக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் கத்தி வைத்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று முதல் இரவு முழுக்க நான் பயந்து கிடந்தேன். சில நாளில் தானாகப் போய்விட்டது.

4. கைக்கு வேலை கொடுங்கள்

செல்போன் இந்தக் கணக்கில் சேராது. விரல் தள்ளிக்கொண்டே இருக்கும், தவிப்பு அப்படியே இருக்கும். உட்கார்ந்து செய்கிற, அரைமணியில் முடிகிற, முடிந்தது கண்ணுக்குத் தெரிகிற வேலையாகப் பாருங்கள். நான் பூண்டு உரித்தேன். கால் கிலோ. முறத்தில் ஒரு பக்கம் தோல் குவிய, கிண்ணத்தில் வெள்ளைப் பற்கள் நிறைய, நகக்கண் எரிய ஆரம்பித்தபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலேகால். அந்த வாரத்தில் மணி பார்க்காமல் போன முதல் மதியம் அது. மறுநாள் முருங்கைக்கீரை உருவினேன். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி பில்களையும் ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கினேன். இன்சூரன்ஸுக்கு எப்படியும் அடுக்கித்தான் ஆக வேண்டும்.

பார்க்க வருகிறவர்களை மாலை ஐந்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அவரவர் ஆபரேஷன் கதையோடுதான் வருவார்கள். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்றும் சொல்வார்கள். தலையாட்டிவிட்டுப் பருப்பு சாப்பிடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்.

5. பகல் தூக்கத்துக்கு அலாரம்

மதியம் அரைமணி. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டால் ராத்திரி கொட்டக்கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான்.

6. நன்றாக இருக்கும் நாளில்தான் கவனம்

எட்டாம் நாள் வலியே இல்லை. தண்ணீர் கேன் போடுபவர் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இருபது லிட்டர், அதாவது இருபது கிலோ. எனக்கு அனுமதித்ததோ ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்குள். குனிந்து கேனின் கழுத்தைப் பிடித்துவிட்டேன்.

"ஏங்க, டாக்டர் சொன்னது அஞ்சு கிலோவா, அஞ்சு நாளா?" என்றாள் மனைவி, அடுக்களையில் இருந்தே.

கையை எடுத்துவிட்டேன். குடலிறக்கத்தை அடைக்க உள்ளே வைத்த வலையைச் சுற்றிச் சதை பிடிக்க வாரக்கணக்காகும். வலி நின்றதால் புண் ஆறிவிட்டது என்று ஆகாது. அன்றே ஒரு தாளில் "தூக்காதே" பட்டியல் எழுதி ஒட்டினேன்: கேன், சிலிண்டர், அரிசி மூட்டை, பேரன்.

7. எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும்

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, நிற்காத வாந்தி, சிறுநீர் வராமை, ஒரு பக்கக் கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் என்றால் தாமதிக்காமல் போன் செய்யுங்கள். தவிப்போடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் நேரே 108. வயதானவர் திடீரென்று நேரம், இடம் தெரியாமல் பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும் நம்பரைப் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபைலைத் தேட முடியாது.