வெளிநாட்டு மெயிலில் மரியாதை தவறும் இடங்கள்

சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் தினமும் மெயில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணப் பிழையால் வரும் வம்பு குறைவு. தொனியால் வருவதுதான் அதிகம்.

ஜெர்மனியிலிருந்து "இந்தப் பகுதி தவறு. வெள்ளிக்குள் திருத்தி அனுப்பவும்" என்று இரண்டே வரியில் பதில் வரும். கோபமாக இருக்கிறார்போல என்று பதறி, பத்து வரிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள். அங்கே வேலையைக் குறை சொல்வதை ஆளைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வதில்லை. திருத்தி அனுப்பினால் போதும். இதைவிட மோசமான தவறு, முடியாது என்று தெரிந்தும் "முயற்சி செய்கிறேன்" என்று எழுதுவது. நமக்கு அது மனம் நோகாமல் மறுக்கும் வழி. அவரோ அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குத் தேதி குறித்துவிடுவார். "வெள்ளிக்கிழமை முடியாது, செவ்வாய் தருகிறேன்" என்று எழுதுங்கள். அவர் நேரத்துக்கு நீங்கள் தரும் மரியாதை அது.

இதே நேர்ப்பேச்சை ஜப்பானுக்கு அப்படியே அனுப்பினால் சிக்கல். "சற்றுக் கடினம்", "பரிசீலிக்கிறோம்" என்று அங்கிருந்து வந்தால் பெரும்பாலும் அது மறுப்புதான். எப்போது முடிவு சொல்வீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்பது அவரைச் சங்கடத்தில் தள்ளும். எதை மாற்றினால் வசதிப்படும் என்று கேளுங்கள், பேச்சு தொடரும். குடும்பப் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழைக்க வேண்டும். தன் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. ஜப்பானிய மொழியில் வாடிக்கையாளருக்கு எழுதும்போது சொந்த மேலாளர் பெயரிலிருந்தும் 'சான்' நீங்கிவிடும். 'எங்க மேனேஜர் சார்' என்றே எழுதிப் பழகியவர்களுக்கு இது கூசத்தான் செய்யும். ஆனால் வெளியாரிடம் தம் பக்கத்து ஆளை உயர்த்திச் சொல்லாமலிருப்பதுதான் அங்கே பணிவு.

அப்புறம் அந்தக் கட்டைவிரல் எமோஜி. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு விவசாயிக்கு 2021இல் ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தின் படம் போனில் வந்தது. அவர் கட்டைவிரலை அனுப்பினார், ஆனால் விதையைத் தரவில்லை. 'கிடைத்தது' என்று மட்டுமே சொன்னதாகப் பின்னால் வாதாடினார். 2023இல் நீதிமன்றம் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. பணமோ தேதியோ உள்ள செய்தி வந்தால் விரலைத் தட்டாமல், "கிடைத்தது, படித்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுதிவிடுங்கள்.