தொலைவிலுள்ள கணினியில் நுழையவும் கோப்புகளை அனுப்பவும் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வரின் ஐபி முகவரியும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்துவிட்டன. உங்கள் மேசையில் இருப்பதோ விண்டோஸ் கணினி. அந்த சர்வருக்குள் நுழைந்து கட்டளைகளைத் தர வேண்டும், உங்கள் கணினியிலுள்ள கோப்புகளை அங்கே ஏற்றவும் வேண்டும். இந்த நிலையில் இருக்கும் புதியவருக்கு நான் பரிந்துரைப்பது கட்டளைகளுக்குப் புட்டி, கோப்புகளுக்கு வின்எஸ்சிபி என்னும் இணையைத்தான். அதற்கான காரணங்களையும், அவற்றைப் பாதுகாப்பாக நிறுவிப் பயன்படுத்தும் வழியையும் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: நெறிமுறையைத் தீர்மானித்தல்

மென்பொருளின் பெயரைத் தேடுவதற்கு முன்பு, எந்த நெறிமுறையில், அதாவது இரு கணினிகள் பேசிக்கொள்ளும் எந்த விதிமுறையில், இணையப் போகிறீர்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தொலைக் கணினியில் நுழைய உதவும் பழைய டெல்நெட்டும், கோப்புகளை அனுப்புவதற்காக 1985-இல் இன்றைய வடிவத்தில் வரையறுக்கப்பட்ட எஃப்டிபியும் உங்கள் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்புபவை. வழியில் பிணையத்தைக் கண்காணிக்கும் எவரும் அதைப் படித்துவிட முடியும். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகுதான், அங்கிருந்த டாட்டு யுலோனென் 1995-இல் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். இதில் இரு முனைகளுக்கும் இடையே செல்லும் அனைத்தும் மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்படுகிறது. ஓபன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்எச் என்னும் கட்டற்ற மென்பொருளே இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் 22-ஆம் போர்ட்டில் (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலில்) காத்திருக்கிறது.

கோப்புப் பரிமாற்றத்துக்கான எஸ்எஃப்டிபி இதே எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே ஓடுவதால், அதற்கென்று தனிப் போர்ட்டோ தனிக் கணக்கோ பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பெயர் ஒத்திருந்தாலும் எஃப்டிபிக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் எஃப்டிபி மட்டுமே தருகிறது என்றால், டிஎல்எஸ் மறையாக்கத்துடன் கூடிய எஃப்டிபிஎஸ் வசதியாவது உண்டா என்று கேளுங்கள்; அதுவும் இல்லையெனில் வேறு நிறுவனத்தைத் தேடுவதே நல்லது.

இரண்டாம் படி: மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

புட்டி, சைமன் டேட்டம் என்பவர் எழுதத் தொடங்கி, சிறு குழுவுடன் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரும் மென்பொருள். எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. மார்ட்டின் பிரிக்ரில் உருவாக்கிய வின்எஸ்சிபி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. தன் எஸ்எஸ்எச் பகுதிக்குப் புட்டியின் நிரலையே பயன்படுத்துகிறது. புட்டியில் சேமித்து வைத்த இணைப்புகளை எடுத்துக்கொள்ளவும் அதனால் முடியும். இந்த உரிமங்கள் அலுவலகப் பயன்பாட்டையும் தடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திரையைப் பகிரும் சில புகழ்பெற்ற மென்பொருள்கள் தனிநபருக்கு மட்டுமே இலவசம். அலுவலக வேலைக்குப் பயன்படுத்தினால் பணம் கட்டியாக வேண்டும்.

கோப்புகளை அனுப்பும் இன்னொரு மென்பொருளான ஃபைல்ஜில்லா விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே முகத்துடன் இயங்குவதால், பல வகைக் கணினிகள் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதன் விண்டோஸ் நிறுவியில் வேறு மென்பொருள்களையும் சேர்த்து நிறுவச் சொல்லும் விளம்பரங்கள் இடம்பெறுவதுண்டு. ஒவ்வொரு திரையையும் படிக்காமல் அடுத்து, அடுத்து என்று அழுத்திச் செல்லும் புதியவருக்கு இது ஏற்றதல்ல என்பதே நான் வின்எஸ்சிபியை முன்வைக்கக் காரணம். மேக் பயனர்கள் இதே வேலைக்கான சைபர்டக்கைப் பார்க்கலாம். கட்டளைத் திரையிலேயே பழகியவர்களுக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை: லினக்ஸிலும் மேக்கிலும் ஓபன்எஸ்எஸ்எச் முன்பே இருக்கிறது, 2018 முதல் விண்டோஸ் 10-உடனும் அது வருகிறது.

மூன்றாம் படி: சரியான இடத்திலிருந்து தரவிறக்குதல்

எந்த மென்பொருள் என்பதைவிட, அதை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதே உங்கள் சர்வரின் பாதுகாப்பை அதிகம் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் நிரலே கெட்டதாக இருந்தால், மறையாக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. கடவுச்சொற்களைத் திருடி வெளியே அனுப்பும்படி மாற்றப்பட்ட போலிப் புட்டி ஒன்று உலவுவதாக 2015-இல் சைமன்டெக் நிறுவனம் எச்சரித்தது. புட்டியின் பெயரையே முகவரியாகக் கொண்டு டாட் ஓஆர்ஜி என்று முடியும் தளம் அதை எழுதியவர்களுடையது அன்று. அவர்களுடைய பக்கம் கிரீன்எண்ட் டாட் ஓஆர்ஜி டாட் யூகே என்று முடியும் முகவரியில் இருக்கிறது. வின்எஸ்சிபிக்கு அதன் பெயருடன் டாட் நெட் என்று முடியும் தளமே உரியது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் வின்எஸ்சிபி உண்டு, ஆனால் அங்கே அதற்குக் கட்டணம் உண்டு.

தரவிறக்கிய கோப்பைத் திறப்பதற்கு முன்பு அதன்மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்னும் பகுதியைப் பாருங்கள். புட்டியில் சைமன் டேட்டத்தின் பெயரும், வின்எஸ்சிபியில் மார்ட்டின் பிரிக்ரிலின் பெயரும் கையொப்பமாக இருக்க வேண்டும். அந்தப் பகுதியே இல்லாவிட்டாலும், வேறு பெயர் இருந்தாலும் கோப்பை அழித்துவிடுங்கள்.

நான்காம் படி: முதல் இணைப்பு

வின்எஸ்சிபியைத் திறந்தவுடன் லாகின் சாளரம் வரும். ஃபைல் ப்ரோட்டோகால் எஸ்எஃப்டிபி என்றும், போர்ட் 22 என்றும் இருப்பதை உறுதிசெய்து, ஹோஸ்ட் நேம் பெட்டியில் சர்வரின் முகவரியையும், அடுத்த பெட்டிகளில் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு லாகினை அழுத்துங்கள்.

அப்போது, இந்த சர்வரின் சாவி அறிமுகமில்லாதது, தொடரலாமா என்று கேட்கும் எச்சரிக்கை ஒன்று வரும். பெரும்பாலோர் படிக்காமல் கடந்துவிடும் இந்தத் திரையில்தான் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. அதில் எஸ்எச்ஏ256 என்று தொடங்கும் நீண்ட எழுத்துத்தொடர், அந்தச் சாவியைச் சுருக்கமாக அடையாளம் காட்டும் சர்வரின் கைரேகை ஆகும். வாடகை சர்வர் என்றால் அதை வழங்கியவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலுள்ள கன்சோல் திரையில் இந்தக் கைரேகையைப் பெறலாம். வீட்டிலுள்ள ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி என்றால் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு இந்தக் கேள்வி எழாது. பின்னொரு நாளில் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், சர்வரை மீண்டும் நிறுவியது போன்ற தெரிந்த காரணம் ஒன்று இல்லாதவரை கடவுச்சொல்லைத் தராதீர்கள்.

இணைந்ததும் இடப்பக்கம் உங்கள் கணினியும் வலப்பக்கம் சர்வரும் தெரியும். கோப்பை இழுத்து மறுபக்கம் விட்டால் போதும். பெரிய கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போது அவற்றின் பெயருக்குப் பின்னால் ஃபைல்பார்ட் என்ற ஒட்டு இருப்பதைக் காண்பீர்கள். முழுவதும் ஏறிய பிறகே உரிய பெயர் வரும், நடுவில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். சர்வர் பக்கத்தில் அழித்த கோப்பு, வழக்கமான அமைப்பில், குப்பைத்தொட்டிக்குச் செல்லாமல் உடனே போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

கட்டளைகள் தர வேண்டுமெனில் கன்ட்ரோலுடன் பி விசையை அழுத்துங்கள். அதே இணைப்புக்கான புட்டி சாளரம் திறக்கும். அங்கே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது திரையில் நட்சத்திரக் குறிகள்கூடத் தோன்றாது, அது இயல்பானதே. வலது கிளிக் செய்தால், நகலெடுத்து வைத்த உரை அங்கே ஒட்டப்படும்.

ஐந்தாம் படி: கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவி

இணையத்தில் திறந்திருக்கும் 22-ஆம் போர்ட்டில் தானியங்கி நிரல்கள் கடவுச்சொற்களை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், சில நாள்கள் பழகியதும் சாவி முறைக்கு மாறிவிடுங்கள். இதில் பொதுச் சாவி சர்வரில் இருக்கும், அதற்கு இணையான தனிச் சாவியை வைத்திருப்பவர் மட்டுமே நுழைய முடியும். புட்டியுடன் வரும் புட்டிஜென் நிரலில் எட்25519 என்னும் சாவி வகையைத் தேர்ந்தெடுத்துச் சாவி இணையை உருவாக்கி, தனிச் சாவிக்கு ஒரு கடவுத்தொடரும் இட்டுச் சேமியுங்கள். பின்னர் வின்எஸ்சிபியின் லாகின் சாளரத்தில் அட்வான்ஸ்ட் பகுதிக்குள் ஆதன்டிகேஷன் பக்கத்துக்குச் சென்றால், பொதுச் சாவியைச் சர்வரில் நிறுவும் வசதி டூல்ஸ் பொத்தானில் இருக்கிறது. தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது.

சர்வரில் கடவுச்சொல் நுழைவை மூடுவதற்கு முன்பு, திறந்திருக்கும் இணைப்பை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது சாளரம் ஒன்றில் சாவியால் நுழைய முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் சர்வருக்குள் உங்களாலேயே நுழைய முடியாமல் போகலாம்.

ஆறாம் படி: புதுப்பித்தல்

புட்டியின் 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில், என்ஐஎஸ்டி பி-521 என்னும் வகைச் சாவிகளால் ஒவ்வொரு நுழைவின்போதும் இடப்படும் கையொப்பங்களைச் சில டஜன் சேகரித்தால் தனிச் சாவியையே கணக்கிட்டுவிடக்கூடிய குறை ஒன்று 2024 ஏப்ரலில் வெளிப்பட்டது. அது புட்டி 0.81, வின்எஸ்சிபி 6.3.3, ஃபைல்ஜில்லா 3.67.0 ஆகியவற்றில் சரிசெய்யப்பட்டது. யாரிடமிருந்தாவது பெற்ற பழைய கணினியில் இந்த மென்பொருள்கள் இருந்தால், புட்டியில் அபௌட் பொத்தானிலும் மற்றவற்றில் உதவிப் பட்டியலிலும் பதிப்பு எண்ணைப் பார்த்துப் புதுப்பியுங்கள். பழைய பதிப்புகளில் பி-521 சாவி பயன்பட்டிருந்தால் புதுப்பிப்பது மட்டும் போதாது. புதிய சாவியை உருவாக்கிக்கொண்டு, பழைய பொதுச் சாவி பதிந்துள்ள ஒவ்வொரு சர்வரிலும் அந்தச் சாவிக்குரிய வரியை நீக்க வேண்டும்.